அந்தப் பொண்ணோட அம்மா

தாழந்துறைக்குத்தானுங்களா அம்மிணி? அப்ப நல்லா உக்காருங்க, இன்னும் நேரமிருக்குது. தனியா வாரீங்களா? தோள்ல கேமராப் பையெல்லாம் இருக்குது, ஊர் பார்க்க வந்தவங்களாட்டம் தெரியுது. ஒண்ணும் பயமில்லீங்க. போன தை மாசம் நானும் தனியாத்தான் வந்தேன். அந்த ஊர்ல சந்துபொந்தெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனா அங்க ஒருத்தருக்கும் நான் ஆருன்னு தெரியாது. அப்படிக் கமுக்கமா இருந்துட்டு வந்தவ நான்.

அதா, முன்னாடி சீட்டுல மடியில பழத்தட்டை வெச்சுட்டுத் தூங்கறாரு பாருங்க, அவருதான் எங்கூட்டுக்காரரு. நாச்சிமுத்துன்னு பேரு. என்ற பேரு சிவபாக்கியம். அவரு முழிக்கறதுக்குள்ள சொல்லிடறேன். முழிச்சுட்டா, போறவங்க வாரவங்ககிட்டயெல்லாம் குடும்பக் கதையை எதுக்கு அவுத்து உடறேம்பாரு.

எங்களுக்குக் காங்கயம் பக்கமுங்க. தறி ஓட்டறோம். ஒரே மக, மிருதுளா. கோயமுத்தூர்ல ஒரு கண்ணாஸ்பத்திரியில கண்ணு சோதிக்கற வேலை. அங்கயே கூட வேலை செய்யற பையன் டெல்வின். அவனைத்தான் கட்டிக்குவேன்னு போன தீபாவளிக்கு வந்து சொன்னா. பையனுக்கு ஊரு இந்தத் தாழந்துறை. அப்பா கஸ்பார், கடலுக்குப் போறவரு. வேத்து சாதி, வேத்து சாமி, மீன் வாடை. அத்தனையும் ஒரே மூச்சுல சொல்லிப் போட்டு, இலையில வெச்ச பணியாரத்தைத் தின்னுட்டு உக்காந்திருக்கறா.

இவரு அன்னைக்கு ஒரு குதி குதிச்சுட்டு மூடுன வாயி. மககூடப் பேச்சே இல்லை. போன் வந்தா எங்கிட்ட நீட்டிட்டுத் தறிக் கொட்டாய்க்குப் போயிருவாரு. நானும் கோவமாத்தான் இருந்தேன். ஆனா பாருங்க, எனக்கு ஒரு ரோசனை. வேண்டாம்னு சொல்றதா இருந்தாலும் பார்த்துட்டுச் சொல்லோணுமில்லீங்களா? ஆளை உட்டு விசாரிச்சா நாலு சேத்துச் சொல்லுவாங்க. நாமளே போயிட்டா? அதும் ஆருன்னே தெரியாம போயிட்டா?

பழனிக்கு மாலை போட்டிருந்த நேரம். திருச்செந்தூருக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வரலாம்னு கோயில் கூட்டத்துப் பொம்பளைங்க கூப்பிடறாங்கன்னு இவருகிட்டச் சொன்னேன். இவரும் உடனே சரின்னுட்டாரு. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கோணும்.

மிருதுளாவும் நானும் ஒரே அச்சுங்க. முன்பல்லு இடைவெளி மொதக்கொண்டு அப்படியே. அவ படத்தை அந்தப் பையன் வூட்டுல பார்த்திருந்தா என்ன பண்றதுன்னு, கறுப்புக் கண்ணாடி ஒண்ணு வாங்கி மாட்டிக்கிட்டேன். பேரு வசந்தா, ஊரு மதுரை. அப்படிச் சொல்லோணும்னு வழியெல்லாம் வாய்க்குள்ளயே சொல்லிப் பார்த்துட்டு வந்தேன்.

பஸ்ஸை உட்டு எறங்குனதும் ஒரு ஆட்டோக்காரரு. சந்தியாகுன்னு பேரு, தங்கறதுக்கு அவரு வூட்டு மாடியிலயே அறை இருக்குதுன்னாரு. ஆட்டோக் கண்ணாடியில என்னையவே பார்த்துட்டு வந்தாரு. எந்த ஊரும்மான்னு கேட்டாரு. மதுரைங்கோன்னேன். மதுரைக்காரவங்க பேச்சு இப்படித்தான் இருக்கும், கேட்டுருக்கேன்னு சொல்லிட்டு ஆருக்கோ போன் பண்ணுனாரு. மதுரையில இருந்து ஒரு அம்மா வந்திருக்காவ, கூட்டிட்டு வாரேம்னு. நல்ல மனுசனுங்க, சந்தேகமே வரலை.

அவரு சம்சாரம் ஜெனோவா. அந்தப் புள்ளை மாதிரி ஒரு சூட்டிகையை நான் பார்த்ததில்லை. நான் விரதம்னு சொல்லவே இல்லை அம்மிணி. வாய் தொறக்கறதுக்கு முன்னாலயே, கவுச்சி படாத புதுப் பாத்திரத்துலதான் ஒங்களுக்குச் சமையல்னு சொல்லிட்டா. குக்கர்ல கடைக்காரன் ஒட்டுன சீட்டுக்கூடக் கிழிக்காம இருந்துச்சு. மதுரைக்காரவங்க வந்தா இப்படித்தான் கவனிப்பாங்களாட்ட இருக்குதுன்னு நினைச்சுக்கிட்டேன்.

ஊரு நீங்களே பார்க்கப் போறீங்க. சத்தமே இல்லாத ஊரு. எங்கூர்ல பொழுதன்னைக்கும் தறிச் சத்தம். இங்க கடல் சத்தம் ஒண்ணுதான், அதும் சித்த நேரத்துல காதுக்குப் பழகிப்போயிரும். ஞாயித்துக்கெழமை ஒரு படகும் கடலுக்குப் போகாது. அத்தனையும் மணல்ல வரிசையா படுத்திருக்கும். சாயங்காலம் மணி அடிச்சா, பேசிட்டு இருக்கறவங்க அப்படியே நின்னு கும்பிட்டுட்டு, உட்ட எடத்துல இருந்து பேச்சைத் தொடருவாங்க. சர்ச்சுன்னு சொல்லமாட்டாங்க, கோயில்னுதான் சொல்லுவாங்க. எனக்கு அது தெரியாதுங்களே. கோயிலுக்குப் போயிட்டு வாங்கன்னு ஜெனோவா சொன்னதும் தேங்காய் பழமெல்லாம் வாங்கிட்டுப் போயிட்டேன். உள்ள பார்த்தா செபஸ்தியாருங்க. நம்ம முருகனுக்கு வேல் கையில இருக்கும். இந்தச் சாமிக்கு ஒடம்பெல்லாம் அம்பு. பார்க்கவே பாவமா இருந்துச்சு. கொண்டு போனதை அங்கயே வெச்சுக் கும்பிட்டுட்டு வந்துட்டேன். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை. கோயிலைக் கூட்டிட்டு இருந்த அம்மா அந்தத் தேங்காயை எடுத்து நல்ல எடமாப் பார்த்து வெச்சாங்க.

அப்பறம் விசாரணையை ஆரம்பிச்சேன். எனக்குத் தெரிஞ்சவங்க பொண்ணு ஒண்ணு இந்த ஊர்ல கஸ்பார்ங்கறவரு வூட்டுக்கு வாரதாப் பேச்சு, குடும்பம் எப்படின்னு. மொதல்ல டீக்கடைக்காரரு. தங்கமான மனுசன், குடி கிடையாது, கோயிலுக்குத் தவறமாட்டாருன்னாரு. அக்கட்ட வலை பின்னிட்டு இருந்தவரைக் கேட்டேன். தங்கமான மனுசன், குடி கிடையாது, கோயிலுக்குத் தவறமாட்டாரு. ரேசன் கடை வரிசையில நின்ன ஒரு அம்மாவைக் கேட்டேன். அதே வார்த்தை, ஒரு எழுத்து மாறலை. பொய் சொல்றவங்களா இருந்தா ஆளுக்கு ஒண்ணாச் சொல்லியிருப்பாங்களே? அப்பத்தான் எனக்கு மனசு கொஞ்சம் எறங்க ஆரம்பிச்சுது.

ஒரே ஒரு கொறை. கோயிலுக்குத் தெக்கால மட்டும் என்னையப் போக உடலை. அந்தப் பக்கம் போவாதீய, நாய்வ கெடக்குன்னு ஜெனோவா. ஆட்டோவுல போலாம்னா சந்தியாகுவும் அதையேதான் சொல்றாரு. நாய்க் கொலைப்புச் சத்தமே எனக்குக் கேக்கலைங்க. சரி, ஊர்க்காரங்களுக்குத் தெரியாததா.

காலையில கரையில மீன் ஏலம் நடக்கும், கண்டிப்பாப் பாருங்க. ஆனா கையை மட்டும் தூக்கிப்போடாதீங்க. நான் காத்துல பறந்த முடியை ஒதுக்கறேன்னு கையைத் தூக்க, ஏலக்காரரு ஒரு குமி சாளை மீனை எம்பேர்ல முடிச்சு உட்டுட்டாரு. மாலை போட்டவ முன்னால மீன் குமிஞ்சு கெடக்குது. எட்டியும் பார்க்க முடியலை, உட்டுட்டும் போக முடியலை. நின்னுட்டே இருக்கறேன்.

அப்ப ஒரு அம்மா வந்தாங்க. என்ற வயசுதான் இருக்கும். சேலையைத் தூக்கிச் சொருகி, பெரிய கூடையோட. ஒண்ணும் கேக்காம ஏலக்காரருகிட்ட என்னமோ சொல்லிட்டு, அத்தனை மீனையும் அவங்க கூடையில அள்ளிப் போட்டுக்கிட்டாங்க. நீங்க தள்ளி நில்லுங்க, மாலை போட்டிருக்கியன்னு சொன்னாங்க. மாலை சேலைக்குள்ள இருந்துச்சுங்க. எப்படித்தான் கண்ணுல பட்டுச்சோ.

அவங்க பேரை நான் கேக்கலை. கேட்டா அவங்களும் என்ற பேரைக் கேப்பாங்க, அந்த நல்ல மனுசிகிட்டப் பொய் சொல்ல எனக்கு மனசு வரலை. கவுத்துப் போட்ட ஒரு படகு நெழல்ல உக்காந்தோம். அவங்க மீனை ரகம் பிரிச்சுக்கிட்டே பேசுனாங்க. ஊரே கஸ்பாரைத் தங்கம்னு சொல்லுதுங்களேன்னு மெதுவா எடுத்து உட்டேன்.

அவங்க சிரிச்சாங்க. தங்கமா, கோவம் வந்தா தட்டு பறக்கும், அப்பறம் அவியளே பொறுக்கி வைப்பாவன்னாங்க. ஆடி மாசம் கடல் ஏறுனா வூட்டு முத்தம் வரைக்கும் தண்ணி வருமாம். பையனுக்கு ஒரு துணியை மடிக்கத் தெரியாதாம். பையனோட அம்மா வைக்கற சாம்பாரை வாயில வைக்க முடியாதாம். எல்லாரும் நல்லதையே சொன்ன ஊர்ல இந்த அம்மா ஒருத்திதான் கொறையைச் சொன்னாங்க. எனக்கு அவங்களைத்தான் நம்பத் தோணுச்சு.

அப்பறம் மீனை ஓரமா வெச்சுட்டுச் சொன்னாங்க. பையனோட தாய்மாமன் கடலுக்குப் போயித் திரும்பி வரலையாம். அதுலதான் அந்த அம்மாக்காரி மகனைப் படகுல காலே வைக்க உடாம படிக்க வெச்சாளாம். அவன் ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வாரேன்னதும் கஸ்பாரு மாசக்கணக்கா மகன்கிட்டப் பேசலையாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏன், அவருக்கு என்ன கோவம்னு கேட்டேன்.

"அந்தப் புள்ள நம்ம வீட்டுல வந்து மூக்கைப் பொத்துனா எனக்குத் தாங்காதுன்னாவ. வேற ஒண்ணுமில்ல."

பாருங்க அம்மிணி. நாங்கதான் எறங்கி வரோணும், அவங்க கையை நீட்டிட்டு நிக்கறாங்கன்னு நினைச்சுட்டு இருந்தேன். அங்கயும் ஒரு அப்பன் வாயை மூடிட்டு உக்காந்திருந்திருக்கறான்.

அப்பறம் அவங்க கேட்டாங்க. "ஒங்களுக்குத் தெரிஞ்ச புள்ளதான? அதோட அம்மா எப்படிப்பட்டவ?"

கறுப்புக் கண்ணாடி இருந்துச்சு, நல்லதாப் போச்சு. அவளுக்கு வாய் எச்சுங்கன்னேன். தான் நினைச்சதுதான் சரிம்பா. சாதி சனம் என்ன சொல்லுமோன்னு வெசனத்துலயே கெடக்கறா. மகமேல கோவமா இருக்கறேன்னு ஊருக்குக் காட்டிட்டு இருக்கறா, ஆனா அவளுக்கு அத்தனை நாளைக்குக் கோவத்தைப் புடிச்சு வெக்கத் தெரியாதுங்க. மகளுக்குக் காய்ச்சல்னா இவளுக்குச் சோறு எறங்காதுன்னு சொன்னேன்.

அந்த அம்மா கையைக் கடல் தண்ணியில கழுவிட்டு வந்து எம் பக்கத்துல உக்காந்தாங்க.

"அப்ப நம்மள மாதிரித்தான்"னாங்க.

கடலையே பார்த்துட்டு இருந்தோம். ஆருன்னே தெரியாத ஒருத்தர்கிட்ட மனசு உட்டுப் பேசறது மாதிரி ஒரு சுகம் கெடையாதுங்க. தெரிஞ்சவங்களா இருந்தா பேசியிருப்பனா?

இனிமேத்தான் வேடிக்கையே. ஞாயித்துக்கெழமை செபஸ்தியாருக்கு அசனம். அசனம்னா ஊர்ச் சாப்பாடுங்க. கோயில் முன்னால பந்தல் போட்டு, பெரிய பெரிய அண்டாவுல சோறும் சாம்பாரும் ஆக்கி, சாதி மதம் பார்க்காம வந்தவங்களுக்கெல்லாம் போடுவாங்க. நீங்க கண்டிப்பா வரோணும்னு ஜெனோவா என்னையக் கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயி பந்தியில உக்கார வெச்சுட்டா. எதிர்ல அந்த மீன்கார அம்மா. எம் பக்கத்துல சாமியாரு, அதானுங்க பாதிரியாரு.

இலையில சோறு விழுந்துச்சு. சாம்பார் வாளியோட ஒருத்தரு குனிஞ்சுட்டே வரிசையில வாராரு. வேட்டியை மடிச்சுக் கட்டி, தலையில துண்டு. அந்த நடை எங்கியோ பார்த்த நடையா இருக்குதேன்னு நிமுந்து பார்க்கறேன், எங்கூட்டுக்காரரு.

தறிக்குச் சாமான் வாங்கச் சேலம் போறேன்னு அதுக்கு முந்துன நாள் போன்ல சொன்ன மனுசனுங்க. தாழந்துறையில சாம்பார் வாளியோட நிக்கறாரு. வூட்டுல ஒரு டம்ளர் தண்ணியத் தானா மொண்டு குடிச்சதில்லை அவரு.

அவருக்கு மூஞ்சி வெளுத்துப்போச்சு. பந்தியில சுத்தி இருந்தவங்களும் பேச்சை நிறுத்திட்டாங்க. வெளியூர்க்காரங்க ரெண்டு பேரு ஒருத்தரையொருத்தர் மொறைச்சுப் பார்த்தா அப்படித்தான ஆகும்? நான் சட்டுனு சுதாரிச்சுக்கிட்டேன். இத்தனை நாள் கட்டிக் காத்ததை ஒரு நிமிசத்துல உட முடியுங்களா?

"எந்த ஊருங்க நீங்க?"ன்னு கேட்டேன்.

அவரு வாளியைக் கை மாத்திப் புடிச்சுட்டுச் சொன்னாரு, "சேலமுங்க. ஆறுமுகம்."

"நான் வசந்தாங்க. மதுரை."

"சாம்பார் ஊத்தட்டுங்களா?"

"கொஞ்சமா ஊத்துங்க."

அவ்வளவுதான். அவரு பாட்டுக்கு ஊத்திட்டுப் போயிட்டாரு. ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியலை. எதிர்ல அந்த அம்மாவுக்குத்தான் பாவம் பொரையேறிடுச்சு, முந்தானையில வாயைப் பொத்திட்டு குலுங்கறாங்க, கண்ணுல தண்ணி. சாமியாரு எந்திரிச்சு அந்தப் பக்கம் திரும்பி நின்னுட்டாரு, அவருக்கும் இருமல். அந்தச் சாம்பார்ல மொளகாய் கொஞ்சம் எச்சுத்தானுங்க.

சாயங்காலம் கரையில ஆளில்லாத எடமாப் பார்த்து ரெண்டு பேரும் உக்காந்தோம். அவரு சொன்னாரு. நான் கெளம்புன மறுநாளே அவரும் கெளம்பிட்டாராம். கோயிலுக்குத் தெக்கால, சாமியாரு விருந்தாளிங்களுக்குக் குடுக்கற அறையில தங்கியிருக்கறாரு. அந்த நாய்ங்க இருக்கற பக்கமுங்க. வந்தன்னைக்கே ஆரோ கஸ்பாருகிட்டயே இவரைக் கொண்டு போயி உட்டுட்டாங்க, கடல் பார்க்க வந்த சேலத்துக்காரருன்னு. கஸ்பாரு இவரைப் படகுல கூட்டிட்டுப் போயிருக்கறாரு. இவரு வாந்தி எடுத்து மயங்கிப்போக, மடியில சாய்ச்சு வெச்சுட்டே கரைக்குக் கொண்டாந்து சேர்த்திருக்கறாரு. அதுக்கப்பறம் மூணு வேளையும் அவரு வூட்டுலதான் சாப்பாடு. மீன் வாடையே ஆகாதுன்னு தீபாவளிக்குக் குதிச்ச மனுசன், சீலா மீன் கொழம்பைப் பத்தி எங்கிட்டக் கண்ணை மூடிட்டுச் சொல்றாரு. அந்தம்மா பனிமயம் மாதிரி கொழம்பு வைக்க ஆளில்லை, சாம்பார்தான் வராதுன்னு.

ஆருங்க பனிமயம்னு கேட்டேன். பையனோட அம்மா, உனக்கு எதிர்ல உக்காந்து பொரையேறுனாங்களே அவங்கதான்னாரு.

படகு நெழல்ல உக்காந்து நான் மனசைக் கொட்டுனது அவங்ககிட்டத்தானா? தன்னைப் பத்தித் தானே அத்தனை கொறை சொன்னாங்களா? எப்படிப்பட்ட மனுசி பாருங்க. எதிர்ல இருக்கறது ஆருன்னு அவங்களுக்குத் தெரியாது, அப்பக்கூட உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கறாங்க.

இவரு ரொம்ப நேரம் மணலைக் கிளறிட்டே இருந்தாரு. அப்பறம் போனைக் குடுன்னாரு. குடுத்தேன். தீபாவளிக்கப்பறம் அன்னைக்குத்தான் மககிட்டப் பேசறாரு. நான் காதை ஒட்டி வெச்சுக்கிட்டேன்.

"அப்பா"ங்கறா.

"நல்லா இருக்கறயா கண்ணு?"

"இருக்கறேனுங்கப்பா. நீங்க எங்க இருக்கீங்க?"

பின்னால கடல் அப்படி இரையுது. இவரு அசரலை. "சேலத்துல"ங்கறாரு.

"அம்மா?"

"திருச்செந்தூர்ல. உன்ற அம்மாவைப் பத்தி ஒண்ணும் கவலைப்படாதே. நீ அந்தப் பையனை வூட்டுக்குக் கூட்டிட்டு வா. பேசிக்கலாம்."

அவ அழுதாளா சிரிச்சாளான்னு தெரியலை. ரெண்டு பேரும் காத்துல ரொம்ப நேரம் உக்காராதீங்கப்பான்னு சொல்லிட்டு வெச்சுட்டா. அப்பன் அம்மா மேல அத்தனை அக்கறைங்க அவளுக்கு. இவரு துண்டை எடுத்து மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டாரு. மணல் பட்டுருச்சாம்.

மக்காநாள் நான் தனியாவும் அவரு தனியாவும்தான் ஊரை உட்டுக் கெளம்புனோம். நான் பஸ்ஸுக்கு நிக்கறப்ப பனிமயம் வந்தாங்க. கையில ஒரு பொட்டலம், முந்திரிக்கொத்து. கவுச்சி படாம செஞ்சது, நீங்களும் திங்கலாம்னாங்க. அந்தப் புள்ளையோட அம்மாவைப் பார்த்தா குடுங்கன்னாங்க.

"நாங்க நல்லா வச்சுக்கிடுவோம்னு சொல்லுங்க. மூக்கைப் பொத்துனாலும் பரவாயில்ல, பழகுத வரைக்கும் பொத்திக்கிடட்டும்னு சொல்லுங்க."

சொல்றேனுங்கன்னேன். வேற என்ன சொல்ல முடியும்? என்ற கையைப் புடிச்சுட்டுச் சித்த நேரம் நின்னாங்க. நானும் உடலை. பஸ் வந்து ஆரன் அடிச்சப்பறந்தான் உட்டோம். அந்த முந்திரிக்கொத்துல பாதியை, பஸ் திருநெவேலி போயிச் சேர்றதுக்குள்ள, அந்தப் பொண்ணோட அம்மா தின்னு முடிச்சுட்டா.

அப்பறம் பையன் வூட்டுக்கு வந்தான். நல்ல பையன். துணி மடிக்கத் தெரியலைங்கறது நெசந்தான். எங்க பங்காளிகள்ல கொஞ்சப்பேரு மூஞ்சியைத் திருப்பிட்டாங்க. திருப்பட்டும், எத்தனை நாளைக்குத் திருப்பிட்டே இருப்பாங்க, கழுத்து வலிக்காது? இன்னைக்கு நாங்க மொதல்ல போறோம், மகளும் பையனும் நாளைக்கு வாராங்க. பேசி முடிச்சு நாள் குறிக்கோணும். நம்ம கோயில்ல ஒண்ணு, அந்தக் கோயில்ல ஒண்ணுன்னு ரெண்டு கல்யாணமா வெச்சுக்கலாம்னு இவரு இப்பவே சொல்லிட்டு இருக்கறாரு.

எல்லாம் நல்லாத்தான் போகுது. ஒரே ஒரு வெசனந்தான் எனக்கு. இத்தனை நாளா மதுரை வசந்தாங்கறது ஆருன்னு பனிமயத்துக்குத் தெரியாதில்லீங்களா? கள்ளங்கபடு இல்லாத மனுசி. திடீர்னு நான் போயி நின்னு, அந்தப் பொண்ணோட அம்மா நாந்தானுங்கன்னு சொன்னா அவங்க தாங்கோணுமே. அதான் ரோசிச்சு வெச்சிருக்கறேன். போனதும் மொதல்ல அவங்களை உக்கார வெச்சு, ஒரு சொம்பு தண்ணி குடிக்கக் குடுத்துட்டு, கையைப் புடிச்சுட்டு, அப்பறந்தான் மெதுவாச் சொல்லோணும்.